கோடை டயரும் ஊவா மலைவீதியும்: ஓர் ஒப்பாய்வு

விழா மலர்களில் ஆசிரியப் பெருமக்களின் அருஞ்செயல்களையும், விளையாட்டு வெற்றிகளையும், இலக்கிய நயங்களையும் எடுத்தெழுதுவது வழக்கு. அவ்வழக்கினின்றும் சிறிது விலகி, மிகத் தாழ்ந்த இடத்திலே கிடக்கும் ஒரு பொருளைப்பற்றி இங்கு ஆராயப் புகுகின்றோம். மோட்டார் வண்டியின் டயரே அப்பொருள். பசறையிலிருந்தும் லுணுகலையிலிருந்தும், அப்புத்தளையிலிருந்தும் வெலிமடையிலிருந்தும், நமுனுகுலை மலைச்சாரல் தோட்டங்களிலிருந்தும் பதுளைக்கு வருவோருள் சிலர் புகைவண்டியில் வரினும், பெரும்பாலோர் பஸ்ஸிலும் வானிலும் காரிலும் மோட்டார்ச் சைக்கிளிலுமே வருகின்றனர். அவர்தம் உயிர், வண்டிக்கும் தரைக்கும் இடையே உள்ளங்கை அகலமாகப் படிந்திருக்கும் இறப்பர்த் துண்டுகளை நம்பியிருக்கின்றது என்பதைச் சிந்திப்போர் சிலரே.

ஊவா வீதிகள் உயிர்ப்பலி கொண்ட வரலாறு நாம் அறியாததன்று. 2021ஆம் ஆண்டு மார்ச் 20ஆந் திகதி பசறை – லுணுகலை வீதியிலே 13ஆங் கட்டைக்கு அண்மையில் ஒரு பஸ் பள்ளத்தில் வீழ்ந்து பதினான்கு பேருக்குக் குறையாதோர் மாண்டனர். 2025ஆம் ஆண்டு செப்டெம்பர் 4ஆந் திகதி இரவு எல்ல – வெல்லவாய வீதியில் மற்றொரு பஸ் பள்ளத்தில் வீழ்ந்தபோது பதினைவருக்குக் குறையாதோர் உயிரிழந்தனர். இவ்விபத்துகளுக்கு டயரே காரணம் என்று நாம் கூறவில்லை. வீதியின் ஒடுக்கம், வேகம், பிரேக், சாரதியின் களைப்பு, பாதுகாப்பு வேலியின் குறைவு எனக் காரணங்கள் பல. ஆயினும் அவற்றுட் பல நம் கைக்கு எட்டாதன; டயரோ எட்டுவது. அதனாலேயே அதனை ஆராய்கின்றோம்.

நமக்கு இந்த ஆராய்ச்சி பிறந்த வகையையும் மறையாது சொல்லிவிடுவோம். சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மாதத்து மாலைவேளை, பசறைப் பக்கத்திலிருந்து நமது பழைய காரிலே பதுளைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பல கிழமை வெயிலுக்குப் பின் பெய்த முதல் மழை. அக்காரின் டயர்கள் ஐம்பதினாயிரங் கிலோமீற்றருக்கு மேல் ஓடியும் தேயாதன; அதுபற்றி நண்பர்களிடத்துப் பெருமை பேசியதும் உண்டு. ஒரு வளைவிலே பிரேக்கை அழுத்தினோம். வண்டி வளைவை மதியாது நேரே வழுக்கிச் சென்று, வீதியோரத்துக் கல்மதிலில் மோதி நின்றது. அம்மதிலின் மறுபுறத்தே, கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய பெண்கள் மூவர் மழைக்கு ஒதுங்கி நின்றனர். மதில் உறுதியாயிருந்தமையால் அவர்க்கும் நமக்கும் ஊறு நேர்ந்திலது. மறுநாள் வண்டியைப் பார்த்த கராஜ்காரர், டயரின் முகத்தில் நகத்தை ஊன்றிப் பார்த்துவிட்டு, "ஐயா, டயர் தேயலதான், ஆனா காஞ்சு கல்லாப் போச்சே" என்றார். தேயாமையும் நன்மையும் ஒன்றல்ல என்னும் பாடத்தை நாம் அன்றே கற்றோம்.

டயர் பிறந்த வரலாறு

இறப்பர் இயல்பிலே வெப்பத்தில் இளகிக் குளிரில் விறைப்பது. 1839ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய சார்ள்ஸ் குட்இயர் அதனைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் உறுதியும் மீள்தன்மையும் பெறும் எனக் கண்டார். வல்கனைசுப்படுத்தல் என்பது இதுவே. காற்றடைத்த டயருக்கு 1845இல் றொபேட் தொம்சன் என்பவர் உரிமை பெற்றிருந்தும் அது வழக்கில் நிலைக்கவில்லை. 1888இல் பெல்பாஸ்ட் நகரில் மிருகவைத்தியராயிருந்த ஜோன் டன்லொப், தம் மகனுடைய மூன்று சில்லுச் சைக்கிளுக்காக அதனை மீண்டும் ஆக்கினார். அதன் பின்னரே காற்று டயர் உலகெங்கும் பரவியது.

இதற்கிடையே 1876இல் ஹென்றி விக்காம் பிரேசில் நாட்டிலிருந்து இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுவந்த வித்துக்களின் நாற்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. இன்று மொனராகலைப் பக்கத்தில் விடியற்காலையிலே பால் வெட்டப்படும் மரங்களும் அப்பரம்பரையைச் சேர்ந்தனவே. ஆகவே ஊவா மாகாணம் டயரை உருட்டும் நாடு மாத்திரமன்று. டயரின் மூலப்பொருளைச் சுரக்கும் நாடுமாம். 1960களில் சோவியத் ஒன்றியத்தின் உதவியுடன் களனியிலே அரசாங்க டயர்த் தொழிற்சாலையும் எழுந்தது.

கோடை டயர் என்பது யாது?

மேனாட்டார் டயரைக் கோடை டயர், குளிர்கால டயர், எக்காலத்துக்கும் உரிய டயர் என மூவகைப்படுத்துவர். பெயர் பருவத்தைச் சுட்டினும், வேறுபாடு இறப்பர்க் கலவையின் மென்மையிலும் முகத்து வெட்டுகளிலுமே உள்ளது. குளிர்கால டயரின் கலவை உறைபனியிலும் விறைக்காதவாறு மிக மென்மையாக ஆக்கப்படுவது. அதன் முகத்திலே பனியைப் பற்றுதற்கு மயிரிழை போன்ற நுண்ணிய வெட்டுகள் நிரம்ப உள்ளன. வெப்பநிலை ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது அது கோடை டயரினும் மேம்பட்டது என்பது பொதுவழக்கான அளவு.

பதுளை நகர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலும், பண்டாரவளை 1200 மீற்றருக்குச் சற்று மேலும், அப்புத்தளை 1400 மீற்றரளவிலும் உள்ளன. மார்கழி விடியலிலும் இவ்வூர்களில் அத்துணைக் குளிர் வழக்கமாக வருவதில்லை. எனவே நமக்கு ஆண்டு முழுதும் கோடை டயரே உரியது. வெப்பமான வீதியிலே குளிர்கால டயர் குழைந்து, வளைவில் நெளிந்து, பிரேக் அழுத்தும்போது கூடுதலான தூரம் ஓடும். விரைவில் தேயவுஞ் செய்யும். குளிர்நாட்டில் ஓடிப் பின் இங்கு இறக்குமதியாகும் வண்டியை வாங்குவோர், டயரின் பக்கச் சுவரிலே ‘ஸ்டட்லெஸ்’ என்னுஞ் சொல்லோ, மூன்று சிகரமுள்ள மலையினுள் பனித்துகள் வரைந்த அடையாளமோ உண்டா என்று பார்த்தல் வேண்டும். ‘ஸ்டட்லெஸ்’ எனின் பனிக்கென்றே ஆக்கப்பட்டது. எத்துணைப் புதிதாயினும் அதனை நீக்குதலே நன்று. மலையடையாளம் மாத்திரம் உளதாயின் அது எக்காலத்துக்கும் உரிய டயராகவும் இருக்கலாம், கேட்டறிந்து கொள்க.

எனினும் கோடை டயர் என்றவுடன் அது வெயிலுக்கு மாத்திரம் உரியது என எண்ணற்க. ஆனி, ஆடி, ஆவணி மாதங்களிற் கச்சான் வீசி, ஊவாத் தேயிலைக்கு மணமூட்டும் வறட்சிக் காலத்தில் எந்த டயரும் வீதியை ஓரளவு பற்றிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் மாலை இடிமழையும், மார்கழி, தையில் வடகீழ்ப் பருவமழையும் பொழியும்போதே டயரின் தரம் வெளிப்படுகின்றது. ஆதலின் ஊவாவாசி கோடை டயரை ஒப்பிடும்போது கேட்க வேண்டிய முதல் வினா, "நனைந்த இறக்கத்தில், வளைவில், இது எவ்வாறு பிடிக்கும்?" என்பதே. விலையும் ஆயுளும் அதன் பின்னரே வருவன.

மூன்று குணங்களின் முரண்

டயருக்கு வேண்டிய குணங்கள் மூன்று: வீதியைப் பற்றுதல், நெடுநாள் தேயாதிருத்தல், இலகுவாக உருண்டு எரிபொருளைச் சிக்கனப்படுத்தல். இம்மூன்றும் உடன்பிறந்தார் போன்று ஒரே வீட்டில் இருந்தும் ஒன்றோடொன்று பிணங்குவன. மென்மையான கலவை வீதியின் நுண்ணிய மேடுபள்ளங்களுள் புகுந்து பற்றும். ஆனால் விரைவில் தேயும். வன்மையான கலவை நெடுந்தூரம் ஓடும். ஆனால் நனைந்த வீதியில் வழுக்கும்.

இயற்கை இறப்பர் கிழிபடாமைக்கும், நெளியும்போது மிகுந்து சூடாகாமைக்கும் பெயர்பெற்றது. அதனாலேயே பாரமேற்றும் லொறி, பஸ் டயர்களில் அது மிகுதியாகச் சேர்க்கப்படுகின்றது. கார் டயரின் முகத்திலே செயற்கை இறப்பர் கூடுதலாகச் சேரும். கருமை நிறந்தருங் காபன் துகள், டயருக்கு உறுதியளிக்கும் என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறியப்பட்டது. அந்நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில், அக்காபனில் ஒரு பங்கை நீக்கிச் சிலிக்காவைச் சேர்க்கும் முறை கார் டயர்களில் வழங்கத் தொடங்கியது. அதனால் நனைந்த வீதியில் பற்றுதலும் இலகுவாக உருளுதலும் ஒருங்கே மேம்பட்டன. ஆயினும் மூன்று குணங்களும் முழுமையாக அமைந்த டயர் இன்னும் பிறக்கவில்லை. எனவே, "இது எல்லாவற்றிலும் சிறந்தது" என்று சொல்வாரிடம், "எதனை விட்டுக்கொடுத்து எதனைப் பெற்றது?" என்று திருப்பிக் கேட்பதே அறிவுடைமை.

நிற்குந் தூரக் கணக்கு

மாணவர் வகுப்பிற் கற்ற உராய்வுக் குணகத்தை இங்கே பயன்படுத்துவோம். மட்டமான வீதியில், v வேகத்துடன் செல்லும் வண்டி பிரேக் அழுத்தியபின் ஓடுந் தூரம், வேகத்தின் வர்க்கத்தை, உராய்வுக் குணகம், புவியீர்ப்பு ஆர்முடுகல் ஆகியவற்றின் பெருக்கத்தின் இருமடங்காற் பிரித்தால் வருவதாம். நூறு மீற்றருக்கு எட்டு மீற்றர் இறங்கும் சரிவாயின், உராய்வுக் குணகத்திலிருந்து ஏறத்தாழ 0.08 ஐக் கழித்துக்கொள்ள வேண்டும். புவியீர்ப்பு வண்டியைக் கீழ்நோக்கி இழுப்பதே இக்கழிவின் காரணம்.

எடுத்துக்காட்டாகக் காய்ந்த வீதியில் உராய்வுக் குணகம் 0.8 எனவும், நனைந்த வீதியில் நல்ல டயருக்கு 0.6 எனவும், அதே வீதியில் காய்ந்து வன்மையுற்ற அல்லது மொட்டையான டயருக்கு 0.4 எனவும் கொள்வோம். வண்டி மணிக்கு 40 கிலோமீற்றர், அஃதாவது செக்கனுக்கு 11.1 மீற்றர், வேகத்தில் அந்தச் சரிவில் இறங்குகின்றது. கணக்கிட்டாற் கிடைப்பன இவை:

காய்ந்த வீதி: 8.7 மீற்றர்.
நனைந்த வீதி, நல்ல டயர்: 12.1 மீற்றர்.
நனைந்த வீதி, கெட்ட டயர்: 19.7 மீற்றர்.

ஆபத்தைக் கண்ட கண் காலுக்குச் சொல்லி, கால் பிரேக்கை அழுத்தற்கு ஒரு செக்கனாயினும் செல்லும். அதற்குள் ஓடிய 11.1 மீற்றரை மூன்றிலும் கூட்டிக்கொள்க. இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. நல்ல டயர் பூண்ட வண்டி முற்றாக நின்றுவிட்ட அதே இடத்தைக் கெட்ட டயர் பூண்ட வண்டி கடக்கும்போது, அது இன்னும் மணிக்கு ஏறத்தாழ 25 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பாடசாலைவிட்டு வரும் பிள்ளையொன்று அவ்விடத்தில் நின்றால், முதல் வண்டி அப்பிள்ளையைத் தொடாது; இரண்டாவது மோதும். இரு சாரதியரும் ஒரே கணத்தில் பிரேக்கை அழுத்தியவரே. வேற்றுமை டயரில் மாத்திரமே உள்ளது.

வேகம் இருமடங்கானால் தூரம் நான்கு மடங்காகும் என்பதையும் மறத்தலாகாது. எந்த நல்ல டயரும் மிகுவேகத்துக்கு விடை சொல்லமாட்டாது.

வளைவின் இயல்பு

ஊவாவின் வீதிகளில் நேர்கோடு அரிது. கொண்டையூசி வளைவொன்றின் ஆரை 15 மீற்றர் எனவும் வீதி பக்கச்சரிவின்றி இருக்கின்றது எனவும் கொள்வோம். வண்டி வெளிப்புறம் வழுக்காது திரும்பக்கூடிய உயர்வேகம், உராய்வுக் குணகம், புவியீர்ப்பு ஆர்முடுகல், ஆரை ஆகிய மூன்றின் பெருக்கத்தினது வர்க்கமூலமாம். குணகம் 0.8 ஆயின் மணிக்கு 39 கிலோமீற்றர்; 0.6 ஆயின் 34, 0.4 ஆயின் 28க்கும் சற்றுக் குறைவு. காய்ந்த நாளில் 35 கிலோமீற்றர் வேகத்தில் ஆயிரந் தடவை திரும்பிப் பழகிய சாரதி, மழைநாளிலும் பழக்கத்தால் அவ்வேகத்திலேயே திரும்புவாராயின், கெட்ட டயர் அவரைப் பள்ளத்தின் பக்கமே கொண்டுசெல்லும்.

இன்னொன்று: டயரின் பற்றுதல் ஒரு முதல் போன்றது. பிரேக்குக்கு அதனை முழுதும் செலவிட்டால் திரும்புதற்கு மிச்சம் இராது. ஆதலின் வளைவுக்கு முன்னரே வேகத்தைத் தணித்து, வளைவினுள் பிரேக்கை வன்மையாக அழுத்தாதிருத்தல் வேண்டும். நமது கார் அன்று நேரே சென்றதன் காரணமும் இதுவே.

நீரும் தவாளிப்பும்

டயரின் முகத்திலுள்ள தவாளிப்புகள் அழகுக்காக வெட்டப்பட்டவை அல்ல. வீதியில் நிற்கும் நீரை வெளியேற்றும் வாய்க்கால்கள் அவை. நீர் வெளியேற வழியில்லையேல் டயர் நீரின்மேல் மிதக்கும். இவ்வாறு மிதக்கத் தொடங்கும் வேகத்தை அமெரிக்க விண்வெளி நிறுவனத்தார் 1960களிலே ஆராய்ந்தனர். ஆழமான நீரில், வழவழப்பான டயருக்கு, அது காற்றமுக்கத்தின் வர்க்கமூலத்துக்கு விகிதசமம் என்பது அவர் கண்ட விதி. சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் அமுக்கமுள்ள டயர் மணிக்கு ஏறத்தாழ 90 கிலோமீற்றரிலும், 20 இறாத்தலே உள்ள டயர் 75 கிலோமீற்றரளவிலும் மிதக்கும். காற்றுக் குறைந்த டயர் விரைவில் மிதக்கும் என்பது இதன் கருத்து.

"நாங்கள் அத்துணை வேகத்தில் ஓடுவதில்லையே" என்று மலைநாட்டுச் சாரதி சொல்லலாம். உண்மையே. ஆயினும், வீதியின் மேற்பரப்பு மெழுகினாற்போல் தேய்ந்து, அதன்மேல் தூசியும் எண்ணெயும் முதல் மழையிற் குழைந்து மெல்லிய படலமாக நிற்குமிடத்து, மொட்டை டயர் குறைந்த வேகத்திலேயே வழுக்கும். நமது மலைவீதிக்குரிய ஆபத்து இவ்வகையதே.

புதுக் கார் டயரின் தவாளிப்பு ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் ஆழமுடையது. ஐரோப்பிய நாடுகளிற் காருக்குச் சட்டம் விதித்த இழிவளவு 1.6 மில்லிமீற்றர். தவாளிப்பினுள் சிறு மேடாக இருக்கும் தேய்வுக்குறி முகத்தோடு மட்டமாகிவிட்டால் அவ்வெல்லையை அடைந்தது என அறிக. ஆனால் மழைமலைக்கு அந்த இழிவளவு போதாது. 3 மில்லிமீற்றரிலேயே மாற்றுதல் விவேகம். ஒரு நெருப்புக்குச்சியில் 3 மில்லிமீற்றரை அளந்து கோடிட்டு, தவாளிப்பினுள் விட்டுப் பார்த்தால் எவரும் இதனைச் சோதிக்கலாம்.

பக்கச் சுவரின் எழுத்துகள்

டயரின் பக்கச் சுவர் ஒரு திறந்த புத்தகம். ‘175/70 ஆர் 13 82 ரீ’ என்று எழுதியிருப்பின், 175 என்பது மில்லிமீற்றரில் அகலம். 70 என்பது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு எழுபது என்பது. ஆர் என்பது ரேடியல் அமைப்பு. 13 என்பது அங்குலத்தில் வளையத்தின் விட்டம். 82 என்னும் பாரச்சுட்டி, ஒரு டயர் 475 கிலோகிராம் தாங்கும் என்பதையும், ரீ என்பது மணிக்கு 190 கிலோமீற்றர் வேகத்துக்கு ஏற்றது என்பதையும் காட்டும். நம் வீதியில் வேகக்குறியினும் பாரச்சுட்டியே முதன்மையானது. எட்டுப் பேருக்குரிய வானிலே பதினைந்து பிள்ளைகளை ஏற்றுவோர் இதனை இருமுறை வாசித்தல் வேண்டும்.

நீள்வட்டத்துள் நான்கு இலக்கங்கள் உள. ‘2319’ எனின் 2019ஆம் ஆண்டின் 23ஆங் கிழமையில் செய்யப்பட்டது. ஓடாது நிறுத்திவைத்த டயரும் வெயிலாலும் வளியிலுள்ள ஓசோனாலும் வன்மையுற்று வெடிப்புக் காணும். ஐந்தாண்டு கடந்தால் ஆண்டுதோறும் சோதிப்பித்தலும், பத்தாண்டு கடந்தால் தேயாவிடினும் கழித்துவிடுதலும் தயாரிப்பாளர் கூறும் நெறி. பழைய இருப்பிலுள்ள ‘புத்தம்புது’ டயரை மலிவாக வாங்கும்போது இவ்விலக்கங்களைப் பார்த்து வாங்குக.

ஐரோப்பாவில் 2012 நவம்பர் முதல் டயரோடு ஒரு சீட்டு ஒட்டப்படுகின்றது. 2021இல் திருத்தப்பட்ட முறைப்படி நனைந்த வீதிப் பற்றுதல் ஏ முதல் ஈ வரை ஐந்து வகுப்புகளாகும். ஏ வகுப்புக்குரிய சுட்டி 1.55ம் அதற்கு மேலும். ஈ வகுப்புக்கு 1.09ம் அதற்குக் கீழும். இவ்வெல்லைகளை விகிதமாகக் கொண்டால், ஈ வகுப்பு டயர் 40 மீற்றரில் நிற்குமிடத்து ஏ வகுப்பு டயர் 28 மீற்றரிலேயே நிற்கும். அமெரிக்க முறையிலோ தேய்வுக்கு ஓர் இலக்கமும், நனைந்த வீதியில் நேரே நிற்பதற்கு ஏஏ, ஏ, பீ, சீ என்னும் தரமும், வெப்பந் தாங்குதற்கு ஏ, பீ, சீ என்னும் தரமும் பக்கச் சுவரிலேயே பொறிக்கப்படும். தேய்விலக்கம் 500 உடையதாய்ப் பற்றுதல் பீ ஆன டயரினும், 300 உடையதாய்ப் பற்றுதல் ஏ ஆன டயரே நமக்கு உறவினன். ஆனால் இவையாவும் புது டயரில் அளந்தவை. காற்றுக் குறைந்து முகந் தேய்ந்தபின் ஏ வகுப்பும் தன் வகுப்பில் நில்லாது.

பலவகை டயர்களின் ஒப்பு

ரேடியல் டயரில் இழைகள் ஒரு விளிம்பினின்று மறுவிளிம்புக்கு நேரே செல்லும்; அவற்றின்மேல் எஃகுப் பட்டை சூழும். மிஷ்லின் நிறுவனத்தார் 1946இல் உரிமை பெற்று 1949இல் விற்பனைக்கு விட்ட இவ்வமைப்பு, முகத்தைத் தரையிலே தட்டையாகப் பதித்துச் சூட்டையுங் குறைப்பது. பழைய குறுக்கிழை டயரிலே நைலோன் இழைகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டும்; அதன் தடித்த பக்கச் சுவர் தோட்டத்துக் கல்ரோட்டில் வெட்டுக் காயத்தைப் பொறுக்கும். கொழுந்து லொறியும் உழவு இயந்திரமும் தோட்ட எல்லைக்குள் மெல்ல ஓடுங்கால் அது பயன்படும். பிரதான வீதியில் ஆளேற்றி ஓடும் வண்டிக்கு ரேடியலே சிறந்தது. இரண்டையும் ஓர் அச்சிற் கலத்தல் பெருந்தவறு.

சேற்று டயர் ஆழமான கட்டைகளையுடையது. மழையில் செம்மண் குழைந்த தோட்டப்பாதையில் அது ஏறும். தார்வீதியிலோ தரையைத் தொடும் இறப்பர் குறைவாகையால், நனைந்த வளைவில் அதன் பற்றுதல் தாழ்ந்தது.

பழைய உடலில் புதுமுகம் ஒட்டிய ரீபில்ட் டயரை முற்றாக இகழ வேண்டுவதில்லை. உடல் பழுதற்றதாயின், முறையறிந்தோர் செய்தால், அது நம்பத்தக்கது. ஆகாய விமானங்களுக்கும் அவ்வாறு செய்கின்றனர். ஆயினும் அமெரிக்கச் சட்டம் பஸ்ஸின் முன் சில்லுகளுக்கு அதனை விலக்கியிருத்தல் காண்க. முன்டயர் வெடித்தால் சுக்கான் சாரதியின் கைக்கு அடங்காது. மலைவீதியில் அதற்கு மன்னிப்பு இல்லை.

இறக்கமும் வெப்பமும்

எல்லவிலிருந்து வெல்லவாய வரை வீதி ஏறத்தாழ 850 மீற்றர் இறங்குகின்றது. எண்ணாயிரங் கிலோகிராம் நிறையுள்ள லொறி அவ்வாறு இறங்கும்போது இழக்கும் சக்தி, இருநூறு லீற்றர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதியது. சாரதி கீழ்க் கியரில் இறங்கினால் என்ஜின் அதில் ஒரு பங்கை ஏற்கும்; காலைப் பிரேக்கிலேயே வைத்திருந்தால் அவ்வளவும் பிரேக்கிலே சூடாகி, அங்கிருந்து வளையத்துக்கும் டயரின் விளிம்புக்கும் பரவும். முன்னரே காற்றுக் குறைந்து நெளிந்து சூடான டயர் அங்கே வெடிக்கக்கூடும். எனவே காற்றைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க. ஓடிச் சூடான டயரில் அமுக்கம் உயர்ந்து காட்டுகின்றதென்று காற்றை இறக்கற்க.

பணமுடையும் சிக்கனமும்

2020ஆம் ஆண்டில் டயர் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதும், 2022ஆம் ஆண்டில் ரூபாவின் பெறுமதி சரிந்ததும் டயரின் விலையை மிக உயர்த்தின. நான்கு டயரையும் ஒருங்கே மாற்றுக என்று எழுதுதல் எளிது. வாடகை வான் ஓட்டிக் குடும்பங் காப்போர்க்கு அது எளிதன்று. ஆகவே, எங்கே சிக்கனஞ் செய்யலாம் என்பதையுஞ் சொல்லுதல் நம் கடன்.

பெயர்பெற்ற விலையுயர்ந்த டயரை வாங்கி மொட்டையாகும்வரை ஓட்டுவதினும், நடுத்தர விலையில் நனைந்த பற்றுதல் நல்லதாகிய டயரை வாங்கி 3 மில்லிமீற்றரில் மாற்றுதல் மேல். இரண்டு டயருக்கே பணம் உளதாயின், புதியன இரண்டையும் பின்னச்சிலே பூட்டுக. முன்சில்லு வழுக்கினால் வேகந்தணித்து மீளலாம். பின்சில்லு வழுக்கினால் வண்டி சுழலும். ஆனால் முன்னுள்ளவையும் எல்லைக்கு மேற்பட்ட தவாளிப்பு உடையனவாய் இருத்தல் வேண்டும். அலங்கார வளையத்துக்கும் ஒலிபெருக்கிக்குஞ் செலவிடும் பணத்தை டயருக்குச் செலவிடுக. காற்றளத்தலுக்கோ செலவு சிறிதுமில்லை. பக்கச் சுவரிற் பட்ட வெட்டைப் பஞ்சர் ஒட்டி ஓட்டுதல் மாத்திரம் ஒருபோதும் சிக்கனமாகாது.

மாணவர்க்கு ஒரு செய்முறை

கராஜிலே கழித்துப்போட்ட டயர்களிலிருந்து மென்மையான முகத்துண்டு ஒன்றும், காய்ந்து வன்மையுற்ற துண்டு ஒன்றும் வெட்டி வாங்குக. ஒவ்வொன்றையும் சீமெந்துத் தரையில் வைத்து, மேலே ஒரு செங்கல்லை ஏற்றி, விற்றராசினாற் கிடையாக இழுத்து, வழுக்கத் தொடங்கும் விசையைக் குறிக்க. அதனை மொத்த நிறையாற் பிரித்தால் உராய்வுக் குணகம் வரும். காய்ந்த தரை, நனைந்த தரை, செம்மண்ணும் ஒரு துளி எண்ணெயுங் கலந்து நனைத்த தரை என மூவகையில் செய்து அட்டவணைப்படுத்துக. ஓடும் வண்டியின் நிலைமை இதனின் வேறாயினும், எது எதனின் தாழ்ந்தது என்பது கண்ணுக்குப் புலனாகும். பெற்ற பெறுமானங்களை மேற்காட்டிய கணக்கில் இட்டு, நிற்குந் தூரத்தைக் காண்க. தம் கையாற் கண்ட இலக்கத்தை மாணவர் மறவார்.

முடிவுரை

நாம் ஆராய்ந்தவற்றைத் தொகுப்போம். குளிர்கால டயர் நம் நாட்டுக்கு ஆகாது. கோடை டயருள்ளும் நெடுநாள் உழைப்பதை விட நனைந்த வீதியிற் பற்றுவதே ஊவாவுக்கு உரியது. எந்த டயராயினும் அதன் தவாளிப்பு, வயது, காற்று, பாரம் என்னும் நான்கையும் காத்தாலன்றி அதன் பெயரும் விலையும் உதவா.

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருள் பஸ் உடையோர் உளர். பாடசாலை வான் நடத்துவோர் உளர். தோட்ட நிருவாகத்தில் இருப்போரும் உளர். அவர்கள் தம் வண்டிக்கு டயரைத் தெரிந்தெடுப்பவர். அவ்வண்டியில் ஏறும் பிள்ளையும், கொழுந்தெடுக்கும் தாயும், மருத்துவமனைக்குச் செல்லும் முதியவரும் அதனைத் தெரிந்தெடுப்பவரல்லர்; ஏறி அமர்பவர் மாத்திரமே. தெரிந்தெடுக்கும் உரிமையுடையார், அவ்வுரிமை இல்லாதார்க்காகவும் தெரிந்தெடுத்தல் கடன். மாணவர்காள், நீவிரும் வாளாவிருத்தல் வேண்டா. வானில் ஏறுமுன் ஒருமுறை குனிந்து சில்லைப் பாருங்கள். தவாளிப்பு இல்லையாயின், "டிரைவர் அண்ணே, டயர் மொட்டையாப் போச்சே" என்று பணிவோடு சொல்லுங்கள், வீட்டிலும் சொல்லுங்கள்.

நமது கார் மோதிய மதில் இன்னும் அவ்வளைவிலே நிற்கின்றது. அவ்வழியாற் செல்லுந்தோறும் வேகந்தணித்து, அதன் மறுபுறம் எவரேனும் நிற்கின்றனரோ என்று பார்த்தே செல்கின்றோம்.